தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டவர்

எங்கள் பீங்கான் ஆலையின் விருந்தினர் விடுதியில் அறைக் கதவுகளுக்கெல்லாம் இப்போது விரல் வைத்தால் திறக்கிற பூட்டு மாட்டுகிறார்கள். அது பேசவும் செய்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும், கதவு பூட்டப்பட்டது என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் அறிவிக்கிறது. விருத்தாசலத்தில் ஒரு மனிதர் படுக்கப் போகிற செய்தி வராந்தாவின் கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்த அதிசயத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்டவர்கள், நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபின் பராமரிப்பு வேலையை எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். நல்ல பிள்ளைகள். மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அவ்வளவு மரியாதை இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டார்கள்.

"அண்ணே, நீங்க பிட்டரா இருந்தப்ப இதெல்லாம் ஏது? வெறும் தாப்பா. அத வெச்சுக்கிட்டு இத்தன வருசம் அப்படி என்னாதான் பண்ணீங்க?"

"மாத்தினேன்" என்றேன்.

சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தேய்ந்த தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். அது தேய்ந்ததும் அதையும் கழற்றினேன். பாலம் கட்டியவர் பாலத்தைக் காட்டுவார். என் வாழ்நாள் உழைப்பைப் பார்க்க வேண்டும் என்றால் ஆலைக் குடியிருப்பில் ஏதாவது ஒரு வீட்டு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கூடவே நின்று பாராட்ட யாரும் இருக்க மாட்டார்கள். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். திட்டக்குடிப் பக்கத்து மானாவாரி நிலத்தை அண்ணன்களிடம் விட்டுவிட்டு இங்கே வந்தபோது, மண் அரைக்கிற ராட்சத உருளைகளுக்கு நடுவே நான் நிற்பதாகக் கனவு கண்டிருந்தேன். சேர்ந்த வாரமே என்னைக் குடியிருப்புப் பராமரிப்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் ஆள் குறைவு, ஆலையில் ஓர் ஆள் அதிகம். அந்த அதிகம் யார் என்பதில் ஆலைக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வேலை போக மிச்ச நேரத்தில் நூலகத்தில் கிடந்தேன். துப்பறியும் கதைகளில் எனக்கு ஒரு பைத்தியம். கொலை நடந்த அறையில் எப்போதும் தாழ்ப்பாள் உள்பக்கமாகப் போட்டிருக்கும். கொலையாளி எப்படி வெளியே போனான் என்று நானூறு பக்கம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அவர்கள் யாரும் எங்கள் குடியிருப்பில் ஒருநாள்கூடத் தங்கியதில்லை என்பது என் முடிவு. எங்கள் தாழ்ப்பாளாக இருந்தால் பாதிக் கதைகள் முதல் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும்.

எனக்கு மேலே இருந்தவர் சூப்பர்வைசர் ஆரோக்கியசாமி. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர், ஆனால் பிறக்கும்போதே அவசரமில்லாமல் பிறந்தவர். முதல் நாள் ஒரு காலி வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆள் காலி செய்து போய் மாதக்கணக்காகிறது. கூடத்தில் பல்லி மட்டும்தான் குடியிருந்தது. நான் சுறுசுறுப்பைக் காட்ட அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"வெளிய வா. தட்டினியா?"

"காலி வூடு சார்."

"தெரியுது. காலி வூட்டுல தட்டாத கை, ஆளு இருக்கற வூட்டுலயும் தட்டாது. வாசக்கதவு ஊருக்குப் போட்டது. உள்கதவு வூட்டுல இருக்கறவங்களுக்காகப் போட்டது. அதுங்கிட்டதான் கூட மரியாத வேணும்."

பிறகு அவரே கதவைத் தட்டினார். தட்டிவிட்டுக் காத்திருந்தார். உள்ளேயிருந்து யாராவது 'வாங்க' என்று சொல்லித் தொலைத்துவிடுவார்களோ என்று எனக்கு லேசாகப் பயமாக இருந்தது.

அவருடைய வேலைமுறையைச் சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் கெட்டுவிட்டது என்று போனால் அவர் தாழ்ப்பாளைத் தொடமாட்டார். கதவைத் திறப்பார், மூடுவார். பாதி திறந்து விட்டுவிட்டு, அது தானாக எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார். அடுத்து, ஒரு சின்ன டப்பாவில் வைத்திருக்கும் ஈரமான வெள்ளை மண்ணைக் கொஞ்சம் எடுத்துத் தாழ்ப்பாள் கம்பியின் முனையில் தடவுவார். அச்சில் ஊற்றுவதற்குக் கரைத்து வைத்திருக்கிற பீங்கான் மண். மற்ற ஊர்களில் சாக்பீஸ் வைத்துச் செய்கிற வேலையை எங்கள் ஊரில் இதை வைத்துச் செய்தோம். கம்பியை ஒருமுறை போட்டு எடுத்தால் நிலையில் அது முட்டுகிற இடத்தில் வெள்ளையாகப் பொட்டு விழும். பொட்டு ஓட்டைக்குள் விழாமல் தள்ளி விழுந்தால் கதவு தொங்குகிறது என்று அர்த்தம். அப்படியானால் முதலில் கீலைச் சரிசெய்ய வேண்டும். தாழ்ப்பாளின் மேல் தப்பே இல்லை. பொட்டு சரியாக விழுந்து, கம்பியும், அதன் குமிழ் உட்காருகிற காடியும் மட்டும் தேய்ந்திருந்தால்தான் மாற்றலாம்.

மாற்றும்போது பழைய திருகாணி ஓட்டைகளில் மருந்து கிள்ளிய தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து அடைக்க வேண்டும். புதுத் திருகாணியை ஒரு துண்டுச் சவுக்காரத்தில் தேய்த்துவிட்டுத் திருக வேண்டும். இல்லாவிட்டால் மரம் முறுக்கிக்கொள்ளும். எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு சடங்கு. அந்த அறையை யார் புழங்குகிறார்களோ அவர்களே உள்ளே போய்த் தாழிட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் வெளியே நிற்போம். "நம்ம கைக்கு வந்தா போதாது. அவங்க கைக்கு வரணும்" என்பார். இந்தச் சடங்கால் ஒருமுறை ஆய்வக அதிகாரி ஒருவர் தம் குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, அது பிரமாதமாக விழுந்து, திரும்ப எழாமலே போய்விட்டது. கதவைக் கழற்றித்தான் அவரை மீட்டோம். வெளியே வந்தவர், "நல்லா ஸ்ட்ராங்கா இருக்குது" என்று மட்டும் சொன்னார். அவர் பெரிய மனிதர்.

என் வேலைக்காலத்தில் எங்களை உண்மையாகவே திணறடித்தது ஒரே ஒரு கதவு. அது செந்தில்குமார் வீட்டு அறைக்கதவு.

செந்தில்குமார் பீங்கானுக்கு மெருகு பூசும் பிரிவில் இருந்தான். ஒரு மாசி மாதம் எங்கள் பராமரிப்புப் பட்டறைக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"சார், ரூம்ல ஃபேன் ஒரு மாதிரி சத்தம் போடுது."

போனோம். ஃபேன் சாதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் ஜன்னல் சரியாக மூடவில்லை என்றான். போய்ப் பார்த்தால் ஜன்னல் மூடியது. திறக்கச் சொன்னால் திறந்தது. அதற்கும் அடுத்த வாரம் சுவரில் ஈரம் என்றான். விருத்தாசலத்து மாசி வெயிலில், பீங்கான் மண்ணை வெளியில் வைத்தால் மத்தியானத்துக்குள் வெடித்துவிடும். அதில் சுவர் ஈரமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆரோக்கியசாமி அவனை நிதானமாகப் பார்த்தார்.

"உனக்கு எப்பப்பா கல்யாணம் ஆச்சு?"

"தை மாசம் சார்."

"ம்" என்றவர் என் பக்கம் திரும்பி, "அலமாரியில இருந்து தாப்பா ஒண்ணு எடுத்துக்க" என்றார்.

நானூறு பக்கத் துப்பறியும் கதைகளை வாரத்துக்கு ஒன்றாக முடித்துக்கொண்டிருந்த நான், அப்போதும் விளங்காமல், "எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

அந்த வீட்டில் ஒரு கூடம், ஓர் அறை, சமையற்கட்டு. செந்தில், அவன் அம்மா தனபாக்கியம், தையில் வந்த மருமகள் சுகன்யா. மூன்று பேர்தான். தனபாக்கியத்துக்குக் கைத்தொழில் உண்டு. ஊருக்குள் பொம்மை செய்கிறவர்களிடமிருந்து, அச்சிலிருந்து எடுத்துச் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகளை வாங்கி வந்து, ஓரத்துப் பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுப்பார். கொலுவுக்கு வைக்கிற பொம்மைகள். கல்யாணத்துக்கு முன் அந்த அறையில்தான் பொம்மைகள் காய்ந்தன. கல்யாணம் ஆனதும் பொம்மைகளும் தனபாக்கியத்தின் கட்டிலும் கூடத்துக்கு வந்துவிட்டன. கட்டில் போட இடம் கிடைத்தது அறைக் கதவை ஒட்டித்தான். அந்த வீட்டில் எல்லாவற்றின் மேலும் மெல்லிசாக ஒரு வெள்ளைத் தூசி படிந்திருக்கும். பிள்ளையார் படத்துக்கு அவர்கள் தனியாக விபூதி பூச வேண்டியதில்லை.

குடியிருப்பின் அறைக் கதவுகளுக்கு ஒரே தாழ்ப்பாள்தான், கதவின் உச்சியில், செங்குத்தாக. கம்பியை மேலே தள்ளி, குமிழைப் பக்கவாட்டுக் காடியில் திருப்பிவிட வேண்டும். காடி தேய்ந்துவிட்டால் குமிழ் நிற்காது. கம்பி தன் கனத்திலேயே மெல்லக் கீழே இறங்கிவிடும். அப்புறம் கதவு ஒரு சாண் திறந்து, உள்ளே யார் என்று எட்டிப் பார்க்கும். புதுசாகக் கல்யாணமானவர்கள் வீட்டில், அறைக்கு வெளியே அம்மா படுத்திருக்கையில், அது எட்டிப் பார்க்கும். ஃபேன், ஜன்னல், சுவர் என்று செந்தில் சுற்றி வந்ததன் அர்த்தம் அதுதான்.

மாற்றினோம். சடங்குப்படி சுகன்யா உள்ளே போய்த் தாழிட்டாள். கிரீச்சென்று ஒரு சத்தம். புதுத் தாழ்ப்பாள், கொஞ்சம் கத்தத்தான் செய்யும். வேலை முடிந்தது என்று கிளம்பினோம்.

சித்திரையில் செந்தில் மறுபடி வந்தான். இந்த முறை ஃபேன் என்று சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். போய்ப் பார்த்தால் காடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஒரு தாழ்ப்பாள் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குள் இருந்த துப்பறிவாளன் எழுந்தான். சப்ளை செய்த கடைக்காரன் மட்டமான அலுமினியத்தைத் தள்ளிவிட்டான் என்று முதலில் தீர்மானித்தேன். பிறகு, செந்தில் கதவை அறைந்து சாத்துகிறான் என்றேன். எலியைக்கூடச் சந்தேகப்பட்டேன் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆரோக்கியசாமி எதுவும் பேசாமல் இருந்ததிலேயே என் கண்டுபிடிப்புகளின் தரம் தெரிந்தது. இன்னும் கனமான தாழ்ப்பாளாகப் போட்டோம். கனமானது இன்னும் வேகமாக இறங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஆனியில் சுகன்யாவே பட்டறை வாசலுக்கு வந்துவிட்டாள். பெண்ணாடத்துப் பக்கம் கரும்பு விவசாயி வீட்டுப் பெண். பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"பிட்டரண்ணே, அது இன்னைக்கும் எறங்கிடுச்சு. நான் பொடவ மாத்திக்கிட்டு இருக்கேன், பொம்ம எடுக்க ஆளு வந்து கூடத்துல நிக்கறாரு. கதவு தானா தொறக்குது. அந்த மனுசன் பயந்துபோயி ஒரு முருகரப் போட்டு ஒடச்சுட்டாரு. இது எத்தினியாவது தடவ?"

உடனே கூடவே போனோம். வீட்டுக்குள் நுழைந்ததும், சமையற்கட்டுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அதுவா எறங்குதா, யாராவது எறங்கற மாதிரி பண்றாங்களான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

சமையற்கட்டில் ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது.

தாழ்ப்பாளைக் கழற்றிக் கையில் எடுத்தேன். விரலில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியது. கூடவே ஒரு வாசனை. வெந்தயம் போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய். எனக்கு அது வெறும் வாசனை. ஆனால் பக்கத்தில் நின்ற சுகன்யாவின் முகம் மாறியது.

"அத்தையோட தலயெண்ணெ" என்றாள்.

தனபாக்கியம் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பொம்மைகளிடம் போய் உட்கார்ந்து, ஒரு சரஸ்வதியின் வீணையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"பாத்தீங்கல்ல?" என்றாள் சுகன்யா. அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது ஆரோக்கியசாமி அந்தக் கொழகொழப்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். நகத்தில் கீறல் விழுந்தது.

"மண்ணும் எண்ணெயும். மிஷினுக்கு மெருகு ஏத்தறவன் இதத்தான் டப்பாவுல அடச்சு விக்கறான். ஆலையில பேரிங்குக்குள்ள தூசி போவக் கூடாதுன்னு துணி சுத்தி வெக்கறோம். வூட்டுத் தாப்பாவ மறந்துட்டோம் பாரு."

உண்மைதான். எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்கு எல்லாத் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட்டுப் பொட்டு வைப்பார்கள்; எண்ணெய் விட்டால் நல்லது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. வேறு ஊரில் அது நல்லதுதான். வெள்ளை மண் பறக்கிற வீட்டில் எண்ணெய் விட்டால், அந்த மண் அதில் ஒட்டிக்கொண்டு, கம்பியை ஏற்றி இறக்கும்போதெல்லாம் காடியை அரைத்துத் தின்றுவிடும். மிச்சமிருக்கிற வழவழப்பில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும். எப்படி என்பது புரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் புரியவில்லை. ஒரு மாமியார் எதற்காக மருமகள் அறைத் தாழ்ப்பாளைத் தேடிப்போய் எண்ணெய் விடுகிறார்? சுகன்யா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். ஊரிலும் பெரும்பாலானவர்கள் அந்தப் பதிலையே வைத்திருப்பார்கள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்கள் ஆடிக்குத் தாய்வீடு போவது வழக்கம். ஒரு பையோடு போவார்கள், ஆவணியில் திரும்புவார்கள். சுகன்யா கல்யாணச் சீராக வந்த கிரைண்டரோடு போனாள். லோடு ஆட்டோவில் அது ஏறுவதைக் குடியிருப்பே நின்று பார்த்தது. கிரைண்டரோடு போகிறவள் ஆடிக்கு மட்டும் போகவில்லை என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சில நாள் கழித்து செந்தில் வந்து உட்கார்ந்தான். சவரம் செய்யாத முகம்.

"வரமாட்டேங்குது சார். அம்மா இருக்கற வூட்டுல இருக்க மாட்டேன், தனி வூடு பாருங்குது. அம்மாகிட்ட கேட்டா வாயே தொறக்கல. வேப்பூருல அக்கா வூட்டுக்குப் போயிடறேன், நீ அவளக் கூட்டியாந்துக்கன்னு பொட்டி கட்டுது. நான் யாரன்னு போவச் சொல்றது?"

"புதுத் தாப்பா ஒண்ணு போட்டுடறோம்பா" என்றேன். நான் சொன்ன ஆறுதல்களிலேயே அது மிகவும் மட்டமானது.

அவன் போன மறுநாள் தனபாக்கியம் வந்தார். பட்டறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் உட்காரவில்லை. வாசலில் நின்று, எங்களைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய ரம்பத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நாந்தான் எண்ணெ வுட்டேன். வெள்ளிக்கெழம தலக்கிக் குளிக்கறப்போ ஒரு சொட்டு வுடுவேன்."

ஆரோக்கியசாமி உளியைக் கீழே வைத்தார்.

"அது கத்தும் சார். கிரீச்சு கிரீச்சுன்னு. நான் அங்கயே கட்டில்ல கெடக்கறேன். அந்தப் பொண்ணு தாப்பா போடறப்போ கொஞ்சம் தள்ளும், நிறுத்தும். மறுபடி கொஞ்சம் தள்ளும், நிறுத்தும். எனக்குக் கேட்டுடக் கூடாதுன்னு. அது அப்படி நிறுத்தி நிறுத்திப் போடறது எனக்கு மனசுக்குக் கஷ்டமாயிடும். நானும் புதுசா வந்தப்போ கதவே இல்லாத வூட்டுல இருந்தவ. சரி, சத்தம் வராம இருந்தா அதுக்குக் கூச்சம் இல்லாம இருக்குமேன்னு வுட்டேன். இப்படி ஆவும்னு யாரு கண்டா?"

"இத அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களாமா?"

"எப்படி சார் சொல்றது? சொன்னா இத்தினி நாளும் நான் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்னு ஆயிடாதா? அதுக்கப்புறம் அது என் மூஞ்சியில முழிக்குமா? புள்ளகிட்டதான் சொல்ல முடியுமா? கெட்டவன்னு நெனச்சுக்கிட்டாலும் பரவால்லன்னு வுட்டுட்டேன். வேப்பூருக்குப் போறதுக்கு முன்ன யாரு காதுலயாவது போட்டுட்டுப் போவணும்னு தோணுச்சு. நீங்கதான் அந்தக் கதவப் பாத்தவங்க."

இத்தனை புத்தகம் படித்ததில் இப்படி ஒரு காரணத்துக்காகத் தடயத்தை விட்டுச்சென்ற ஆளை நான் சந்தித்ததில்லை.

"நீங்க வேப்பூருக்குப் போவாதீங்க" என்றார் ஆரோக்கியசாமி. "வேல இன்னும் முடியல."

அந்தக் கதவுக்கு நாங்கள் செய்ததுபோல வேறு எந்தக் கதவுக்கும் செய்ததில்லை. உச்சியில் இருந்ததை எடுத்துவிட்டோம். பழைய ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்து, மேலே சாயம் பூசினோம். பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றைக் கை எட்டும் உயரத்தில் படுக்கைவாட்டில் வைத்தோம். படுத்திருக்கிற கம்பி தன் கனத்தில் எங்கேயும் இறங்கிப் போகாது. முனையில் மண் தடவிப் பொட்டு வைத்து, நிலையில் ஓட்டை எடுத்து, அதற்குள் பழைய செருப்புத் தோல் துண்டு ஒன்றை ஒட்டினோம், கம்பி போய் முட்டும்போது டக்கென்று கேட்காமல் இருக்க. கடைசியாக, எண்ணெய்க்குப் பதில், மெழுகுவத்தித் துண்டு ஒன்றைக் கம்பியின் மேல் அழுத்தித் தேய்த்து, மிச்சத்தைத் தனபாக்கியத்திடம் கொடுத்தோம். மெழுகு வழுக்கும், ஆனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஆரோக்கியசாமி போட்டு எடுத்துப் பார்த்தார். மறுபடி கழற்றினார். உப்புத்தாளால் ஒரு பக்கம் இழைத்தார். மறுபடி மாட்டினார். பூச்சி ஊர்கிற சத்தம்கூட இல்லாமல் ஆகும்வரை விடவில்லை. தனபாக்கியம் ஒரு கிருஷ்ணனைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி முடிந்ததும் செந்திலைக் கூப்பிட்டு, "உன் வூட்டம்மாவுக்குப் போன் போடு. வேல முடிஞ்சுது, ரூமுக்குச் சொந்தக்காரங்க வந்து போட்டுப் பாக்காம நாங்க ஒப்படைக்கறதில்லன்னு சொல்லு" என்றார்.

"வந்தாலும் இருக்காது சார்."

"இருக்கச் சொல்லல. போட்டுப் பாக்கச் சொல்றேன்."

சுகன்யா வந்தாள். கையில் சின்னக் கைப்பை மட்டும். வாசலிலேயே, "சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்க்காமலே வா, வரேன் என்று சொல்லிக்கொண்டார்கள்.

"தங்கச்சி, உள்ள போயி தாப்பா போடு" என்றார் ஆரோக்கியசாமி. பிறகு தனபாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க கட்டில்ல படுங்கம்மா."

"நான் எதுக்கு சார்?"

"படுங்க. நீங்க படுக்கற எடத்துல படுத்தாத்தான் எங்க வேல தெரியும்."

தனபாக்கியம் ஆஸ்பத்திரியில் படுப்பவர்போல விறைப்பாகப் படுத்தார். செந்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். சுகன்யா எங்கள் எல்லோரையும் விசித்திரமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் காத்திருந்தோம். எதுவும் கேட்கவில்லை. தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனது கேட்டது.

"போடு தங்கச்சி" என்றார் ஆரோக்கியசாமி.

உள்ளிருந்து குரல் வந்தது. "எப்பவோ போட்டாச்சு."

"அம்மா, உங்களுக்குக் கேட்டுதா?"

"என்னாது?" என்றார் தனபாக்கியம்.

"தாப்பா போட்டது."

"போட்டாச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

ஆரோக்கியசாமி கதவருகே போனார். காலி வீட்டில் தட்டுவதுபோலவே தட்டினார், காத்திருந்தார். பிறகு கதவைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, வெளிய வர வேணாம். அங்கயே இரு. ஒரு வெவரம் சொல்லிட்டுப் போயிடறேன். பழைய தாப்பா கத்தும். நீ அத நிறுத்தி நிறுத்திப் போடுவ. அது வெளிய கேக்கும். உனக்குக் கூச்சமா இருக்குமே, கேக்காம இருக்கட்டுமேன்னுதான் இவங்க எண்ணெ வுட்டாங்க. எண்ணெயில பொம்ம மண்ணு சேந்து அரைச்சுத் தின்னுடுச்சு. அது இவங்களுக்குத் தெரியாது. தாப்பாவே தொழிலா வெச்சிருக்கற எங்களுக்கே தெரியல. இனிமே எண்ணெ வேணாம், மெழுகுவத்தி தேச்சாப் போதும். இத உன்கிட்ட சொல்ல இவங்களுக்கு வாய் வரல. அவ்ளோதான்."

தனபாக்கியம் படுத்தபடியே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். செந்தில் வாயைத் திறந்தான். எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டான். நான் என் பங்குக்கு, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த திருப்புளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அந்தக் கதவு மூடியிருந்தது நல்லது என்று நினைத்துக்கொண்டேன். சில வார்த்தைகளை மனிதர்கள் முகத்துக்கு நேரே கேட்கக் கூடாது.

அவள் எப்போது திறந்தாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அறை வாசற்படியில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. நேராகக் கட்டிலருகே போனாள்.

"அத்தே."

முந்தானை இன்னும் கொஞ்சம் இறுகியது.

"அத்தே, எண்ணெ வுடக் கூடாதாம். அந்த மெழுகுவத்திய எங்க வெச்சிருக்கீங்க? குடுங்க, இனிமே நானே தேச்சுக்கறேன்."

தனபாக்கியம் முகத்தைக் காட்டாமலே கையை மட்டும் நீட்டி, பொம்மைகளுக்கு நடுவே இருந்த மெழுகுவத்தித் துண்டைச் சுட்டினார். சுகன்யா போய் எடுத்தாள். அதன்மேல் படிந்திருந்த வெள்ளைத் தூசியைப் புடவையில் துடைத்தாள். அப்புறம் கைப்பையோடு சேர்த்து அதை அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

நாங்கள் சாமான்களைக் கட்டினோம். ஆரோக்கியசாமி வாசலைத் தாண்டும்போது, சாயங்கால பஸ்ஸைப் பற்றி செந்தில் மெதுவாக ஏதோ கேட்பதும், "எந்த பஸ்ஸு?" என்று அவள் கேட்பதும் காதில் விழுந்தன.

கிரைண்டர் அடுத்த வாரம் லோடு ஆட்டோவில் திரும்பி வந்தது. இறக்குவதற்கு நானும் ஒரு கை கொடுத்தேன். மறுநாள் விடிந்ததும் அந்த வீட்டில் அது ஓட ஆரம்பித்து, குடியிருப்பின் கடைசி வரிசை வரைக்கும் கடகடவென்று கேட்டது. அந்தச் சத்தத்தை நிறுத்தித் தரச் சொல்லி எங்களை யாரும் கூப்பிடவில்லை.